இருபதில் ஒரு பங்கு

பிப்ரவரி 9

அன்புள்ள ப்ரூஃப்காரிக்கு,

இங்கே நலம். நீயும் நலம் என்று நானே வைத்துக்கொள்கிறேன், நீதான் எழுதுவதில்லையே. போனில் பேசினால் என் குரல் உயர்ந்துவிடுகிறது, நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். பிழை இருந்தால், ப்ரூஃப் திருத்துவதுபோலவே சிவப்பு மையால் சுழித்து அனுப்பு. அந்தச் சாக்கிலாவது உன் கையெழுத்தைப் பார்ப்பேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரி நூலகங்களுக்குப் புத்தகம் விற்றே பிழைத்தவன் நான். நீ ஐந்து வருஷமாக அந்த ஊரில் அறை எடுத்துத் தங்கி, சின்னச் சின்னப் பல்கலைக்கழகப் பதிப்பகங்களோடு கூட்டுச் சேர்ந்து, அதே மாதிரிப் புத்தகங்களை யாரும் காசில்லாமல் கணினியில் படிக்கலாம் என்று திறந்துவிடுகிறாய். புருஷன் தண்ணீர் விற்கிறான், பெண்டாட்டி எதிரிலேயே குழாயைத் திறந்துவிட்டிருக்கிறாள் என்று நம் கணக்குப்பிள்ளை சிரிக்கிறார்.

சிரிக்கட்டும். இந்த வருஷம் பல நூலகங்கள் உங்கள் செலவுக்கான சந்தாவைக் கட்டவில்லை, கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறீர்கள் என்று ஒரு நூலகர் சொன்னார். உங்கள் மொத்தச் செலவையும் பத்து வருஷத்துக்கு நான் ஏற்றுக்கொள்கிறேன். நிபந்தனை ஒன்றுதான். அலுவலகம் நம் கிடங்கின் மேல்மாடிக்கு வர வேண்டும். ஒழுகிய இடத்தை அடைத்து, வெள்ளையும் பூசியாயிற்று. நீ அங்கே வேலை பார். வீடு பக்கத்திலேயே இருக்கிறது.

உன் கூட்டும் பிழைக்கும், நீயும் வீடு வந்து சேர்வாய். யோசித்து எழுது.

உன்
முதலாளி
(நீ கோபத்தில் வைத்த பெயர்தான்)


பிப்ரவரி 20

அன்புள்ள முதலாளிக்கு,

நிறையப் பிழைகள். சுழிக்கவில்லை, கடிதத்தைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை.

நான் மட்டும் சரி என்று சொல்லிவிடக்கூடிய காரியம் இல்லை இது. இங்கே பதிப்பகங்களும் நூலகங்களும் உறுப்பினர்கள். பெரிய பல்கலைக்கழகத்துக்கும் ஒரு ஓட்டு, மூன்று அலமாரி வைத்திருக்கும் கல்லூரிக்கும் ஒரு ஓட்டு. மே மாதக் கூட்டத்தில் வைக்கிறேன்.

ஆனால் ஒரு விதி இருக்கிறது. எங்கள் செலவில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் யாரும் தரக் கூடாது. நான் வருவதற்கு முன்னால் ஓர் அறக்கட்டளை தனியாக எல்லாவற்றையும் தாங்கியது. அதற்குப் புதுத் தலைவர் வந்தார், மனசு மாறியது, பணம் நின்றது. ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் முந்நூறு புத்தகங்கள் திரையில் இல்லை. அவற்றை நம்பி ஆய்வு எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் பாதியில் நின்றார்கள். ஒருவர் போனால் விழுந்துவிடுகிற மாதிரி இனி எதையும் கட்டுவதில்லை என்று அதற்குப் பிறகுதான் முடிவெடுத்தார்கள்.

இருமல் எப்படி இருக்கிறது? வெந்நீர் குடியுங்கள்.

ப்ரூஃப்காரி


மார்ச் 3

அன்புள்ள ப்ரூஃப்காரிக்கு,

கொடுக்கிறேன் என்பவன் கையைத் தட்டிவிடும் கடையை இப்போதுதான் பார்க்கிறேன். பல பேர் சேர்ந்து தூக்கும் மூட்டையில் யார் தூக்குகிறான், யார் தொங்குகிறான் என்று எவனுக்கும் தெரியாது. நான் தன் கையே தனக்கு உதவி என்று வளர்ந்தவன். அறக்கட்டளைக்குத் தலைவர் மாறுவார். நான் ஒரே ஆள், என் இடத்துக்கு யார் மாறி வரப் போகிறார்கள்?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதே. உங்கள் புத்தகங்கள் நூலகப் பட்டியல்களில் ஏறவே இல்லை. விலை போட்ட புத்தகத்துக்காக விற்பனையாளன் படியேறி அலைவான், அவனுக்குக் கமிஷன் உண்டு. ஓசிப் புத்தகத்துக்கு எவன் செருப்பைத் தேய்ப்பான்? பட்டியலில் இல்லாத புத்தகம் இருந்தும் இல்லாததுதான்.

இருமல் இருக்கிறது. வார நாட்கள் எப்படியோ போய்விடுகின்றன. ஞாயிற்றுக்கிழமைதான் நகர மாட்டேன் என்கிறது. கிடங்குக்குப் போய்ப் புத்தகக் கட்டுகளை இடம் மாற்றி அடுக்குகிறேன். காவல்காரர் நேற்று, "மொதலாளி, போன வாரம்தானே அங்கேருந்து எடுத்து இங்க வெச்சீங்க?" என்றார். தூசி தட்டினேன் என்று சொல்லி வைத்தேன்.

மேல்மாடி காலியாகவே இருக்கிறது.

முதலாளி


மே 14

அன்புள்ள முதலாளிக்கு,

கூட்டம் முடிந்தது. உங்கள் பெயரைப் படித்ததும் எங்கள் கூட்டின் தலைவி, இவரோடு இங்கே யாருக்காவது உறவு உண்டா என்று கேட்டார். யார் பணம் தந்தாலும் கேட்பதுதான், யாரும் தலைநிமிர்வதுகூட இல்லை. நான் கை தூக்கினேன்.

"என் வீட்டுக்காரர்," என்றேன்.

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். உறவு இருப்பவர் வெளியே போக வேண்டும், போனேன். நடையில் ஒரு நாற்காலி. பக்கங்களை அமைக்கும் பெண், ஐந்து வருஷமாக எனக்கு எதிர் மேசை, பின்னாலேயே தண்ணீர் கொண்டுவந்தாள்.

"அக்கா, அவர் இருக்காரா? நாங்க வேற மாதிரி நெனச்சிட்டோம்."

உங்களைக் கொன்றே விட்டிருக்கிறார்கள். நான் அப்படிச் சொன்னதில்லை. உங்களைப் பற்றி எதுவுமே சொன்னதில்லை, அவர்களாக நினைத்துக்கொண்டார்கள்.

முடிவு இதுதான். மொத்தச் செலவை நீங்கள் ஏற்க வேண்டாம், மேல்மாடியும் வேண்டாம். ஆனால் மற்றவர்களைப் போல ஒரு பங்கு கட்டி, ஒரு ஓட்டோடு, உறுப்பினராக வரட்டும் என்றார்கள். பட்டியல் விஷயத்தில் நீங்கள் எழுதியது உண்மை, உங்கள் அனுபவம் வேண்டும் என்றார்கள். வருஷத்துக்கு நான்கு கூட்டம், இங்கேதான்.

நீங்கள் வந்தால், பணத்தைப் பற்றியோ நூலகங்களைப் பற்றியோ பேசும்போது நான் அறையில் இருக்க முடியாது. நூலகங்களோடு பேசிச் சந்தா சேர்ப்பதுதான் இங்கே என் வேலையே. வேறு வேலைக்கு, வேறு மேசைக்கு மாறிக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். சரி என்றேன்.

நான் திரும்பி வர மாட்டேன். கோபம் எப்போதோ ஆறிவிட்டது. நம் வீட்டில் எல்லாம் உங்கள் ஒருவர் தோளில் நின்றது. உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் எனக்குக் குலை நடுங்கும். இங்கே நான் படுத்தாலும் வேலை நடக்கிறது. சாயங்காலம் அறைக்கு வந்தால் பேச ஆள் இல்லைதான். ஆனாலும் அந்த நிம்மதியை விட மனசில்லை.

நீங்கள் வரலாம்.

ப்ரூஃப்காரி


மே 27

அன்புள்ள ப்ரூஃப்காரிக்கு,

செத்தவன் எழுதுகிறேன். எதிர் மேசைப் பெண்ணிடம் சொல், இருக்கிறேன், இருமலோடு இருக்கிறேன்.

வேலை முதலில். எங்கள் அடுத்த விற்பனைப் பட்டியலில் உங்கள் புத்தகங்கள் எல்லாம் ஏறும். நூலகர்களிடம் எடுத்துச் சொல்லும் பையன்களுக்குக் கமிஷனை நான் கொடுத்துவிடுகிறேன். நம் போட்டிக் கடைக்காரனிடமும் போய்ச் சொன்னேன். உனக்கென்ன லாபம் என்று கேட்டான். "நான் ஒருத்தன் நிறுத்தினா விழுந்திடக் கூடாதுய்யா, நீயும் போடு," என்றேன். இவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டதா என்கிற மாதிரிப் பார்த்துவிட்டு, போடுகிறேன் என்றான். அவன் வழியாக இன்னும் இரண்டு பேர் வருவார்கள். இதற்கெல்லாம் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, விசாரித்துவிட்டேன்.

அதனால் நான் உறுப்பினராக வரவில்லை.

வர நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். வருஷத்துக்கு நான்கு தடவை உன்னைப் பார்க்கலாம் என்று ரயில் நேரம்கூடக் கேட்டு வைத்தேன். ஆனால் நான் உள்ளே வந்து உட்கார்ந்தால் நீ எழுந்து நடைக்குப் போக வேண்டும். யாரையும் தெரியாத ஊரில் நீயாகப் பிடித்த இடம் அது. அதை எனக்காக விட்டுத்தருகிறேன் என்று நீ சொன்னாயே, அது எனக்குப் போதும். எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மேசையை மாற்றாதே. அடுத்த கூட்டத்தில் யார் எதைக் கேட்டாலும் நீ உள்ளேயே உட்கார்.

உன்
வீட்டுக்காரர்