சொந்தக்காரர் இல்லாத கடற்கரை

என் அன்பு ராணியக்கா,

ஒஸ்லோவில், நம் ஸ்டோவ்னரில் பனி கரைந்துவிட்டது. கடைத்தொகுதி வாசலில், குளிர்காலத்தில் தொலைந்த கையுறைகள் எல்லாம் வெளியே வந்து கிடக்கின்றன. உங்களுக்கும் எனக்கும் இரத்த உறவு இல்லை, சாவுத் துடக்குக் காக்கவேண்டிய கடமையும் இல்லை. ஆனாலும் உங்கள் முதலாண்டு ஆட்டைத் திவசம் முடியும்வரை எங்கும் போக எனக்கு மனம் வரவில்லை. போன கிழமை அது முடிந்தது. இனி, நாம் பாதியில் விட்ட வழக்கை நான் தனியாகத் தீர்க்கவேண்டும். கசீயா, கோலியூரா?

பிரான்சின் தென்கரையில் இரண்டு சின்ன ஊர்கள். இரண்டிலும் திராட்சைத் தோட்டங்கள் மலையில் தொடங்கிக் கடல்வரை இறங்கும். இரண்டிலும் வைன் வடிப்பார்கள். நூலகக் கம்பியூட்டரில் படங்களைப் பார்த்துவிட்டு நாம் போட்ட சண்டையில், அங்கே வேலை செய்யும் பெண் வந்து உதட்டில் விரல் வைத்தாள், நினைவிருக்கிறதா?

நம் ஆட்களுக்கு விடுமுறை என்றால் பாரிசில் பெரியபிள்ளையான ஒருத்திக்குச் சாமத்தியவீடு, லண்டனில் கலியாணம், ரொறன்ரோவில் புதுவீட்டுக்குக் குடிபூரல். சூட்கேசில் பாதி மிளகாய்த்தூள். போய் இறங்கிய மறுநாள் காலையிலேயே அவர்களுடைய குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்போம். நீங்கள்தான் ஒருநாள் சுரங்க ரயிலில் சத்தமாகச் சொன்னீர்கள்.

"பிள்ளை, ஒரு சொந்தக்காரரும் இல்லாத ஊருக்கு நாங்கள் ஒருக்காப் போகவேணும். சாப்பிட்டனீங்களோ எண்டு ஆரும் கேக்கக்கூடாது. நான் ஒரு கிளாஸ் வைனோட கடலைப் பாத்துக்கொண்டு இருப்பன். அதை ஒருத்தி பாத்து ஊரெல்லாம் சொல்லவும் கூடாது."

அப்படி ஆசைப்பட உங்களால்தான் முடியும். வடக்கு நோர்வேயில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில், ஆண்களின் அளவில் தைத்த கையுறைக்குள் எங்கள் விரல்கள் தொளதொளத்துக் கத்தி வழுக்கியபோது, நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு மீன் வெட்டினோம். நீங்கள் தெரிந்த நாலு நோர்வேச் சொல்லையும் கூட்டிக்கொண்டு மேற்பார்வையாளர் முன்னால் போய், இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினீர்கள். சின்னக் கையுறை வந்தது. ஒஸ்லோவுக்கு வந்தபிறகும், விருந்துகளில் நாங்கள் குசினிக்குள் நிற்க, நீங்கள் முன்வரிசையில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தீர்கள். எனக்கு உங்களில் எவ்வளவு பெருமை, எவ்வளவு பொறாமை என்று ஒருநாளாவது சொன்னேனா?

உங்களுக்குக் கசீ. எனக்குக் கோலியூர்.

"உன்ரை ஊரிலை நெத்தலிக்கு உப்புப் போடுற தொழிற்சாலை இருக்கு. பெண்டுகள் வரிசையிலை இருந்து முள்ளெடுக்கினம். லீவுக்கும் மீன் நாத்தமோ? எனக்கு பாட்ஸ்பியோர்ட் போதும்."

"அங்கை முந்திரிகைக் கொடி பந்தலில்லாமல் தன்பாட்டிலை நிக்குதாம், அக்கா."

உங்கள் ஐயா ஊரில் பந்தல் போட்டு முந்திரிகை, அதுதான் திராட்சை, வளர்த்தவர். அதனால் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் அசைந்தீர்கள். "பந்தலில்லாமலோ? சும்மா அளக்காதை!" என்று சிரித்தீர்கள். முடிவு எடுக்குமுன் உங்களுக்கு வயிற்று நோவு வந்தது. பிறகு ஆஸ்பத்திரி. பிறகு நான் பூ வைத்தேன்.

உங்கள் விருப்பப்படி கசீக்கே போவதென்றுதான் நினைத்திருந்தேன். அப்போது பார்த்து இவர் தன் தங்கச்சிக்கு போன் எடுத்துவிட்டு வந்து சொன்னார்.

"அவை இப்ப மார்செயிலையாம். கசீ கிட்டவாம். தங்களோடையே நிக்கட்டாம். மகளின்ரை சாமத்தியவீடும் அந்தக் கிழமைதானாம், பலகாரம் சுட ஆள் இல்லையாம்."

மச்சாள் நல்ல மனுசி, அக்கா. அதுதான் பிரச்சினையே. நீங்கள் கேட்ட ஊருக்குப் போனால் நான் பயித்தம் பணியாரம் சுடவேண்டும். நீங்கள் கேட்ட சுதந்திரம் வேண்டுமென்றால், நீங்கள் வேண்டாமென்ற ஊருக்குப் போகவேண்டும். நீங்கள் இருந்தால் எதைச் சொல்லியிருப்பீர்கள்? அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. உங்களோடு என்றபோது தலையாட்டிய இவர், நான் தனியே என்றால் விடுவாரா? தனியே ஒரு ஊரில் இறங்க எனக்குத்தான் துணிவு வருமா? இந்த முறை விட்டால் இனி நான் போகவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

நேற்றுச் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். கோலியூருக்குப் போகிறேன், தனியாகப் போகிறேன் என்று.

இவர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. நம் ஆட்கள் எல்லோரும் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டார். "அங்கை ஆர் இருக்கினம்?"

ஒருத்தரும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ராணியக்கா இருக்கிறா" என்று வந்துவிட்டது.

இவர் குழம்புச் சட்டியை என் பக்கம் தள்ளிவிட்டார். பிறகு, "அப்ப சரி. நான் சுகம் கேட்டதெண்டு அவவுக்குச் சொல்லு" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

சொந்தக்காரர் இல்லாத ஊரைத் தேடினீர்கள். அந்த ஒரு விதியை மட்டும் நான் மீறுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மிளகாய்த்தூள் கொண்டுபோக மாட்டேன். நெத்தலித் தொழிற்சாலையைத் தாண்டும்போது உங்களுக்காக மூக்கைப் பொத்திக்கொள்வேன். முந்திரிகைக் கொடி பந்தலில்லாமல் நிற்பது உண்மைதானா என்று தொட்டுப் பார்ப்பேன். கடலைப் பார்த்தபடி இரண்டு கதிரை உள்ள மேசையாகப் பார்த்து இருந்து, ஒரு கிளாஸ் வைன் கேட்பேன். கேட்டபின், இவர் சொல்லச் சொன்னதை உங்களிடம் சொல்வேன்.

உங்கள் தங்கச்சி,
வசந்தி