கோபுர அறையின் ஜன்னல்

ஆடி மாதம், வெள்ளி இரவு. போடி ஆஸ்பத்திரி.

காலையில் என் மனைவி மரியாளுக்கு வலி கண்டது. “பிள்ளை குறுக்கே கெடக்கு அப்பு, வெரசா போடிக்குக் கொண்டு போ” என்றாள் மருத்துவச்சி.

நாங்கள் குடியிருப்பது மலைமேல், மாதா கோயிலை ஒட்டிய துரை பங்களாவில், அவர் எங்களுக்குக் குடியிருக்க விட்ட கோபுர அறையில். அதன் சுழல்படியில் ஒருக்களித்துத்தான் இறங்க முடியும். அவளைக் கிடத்தித் தூக்க வழியில்லை. கூர்முனை ஜன்னலிலோ நடுவே கல்தூண், துரை ஆசையாகச் செதுக்க வைத்தது. கடப்பாரையால் அதை உடைத்தேன். கம்பளியில் கட்டி அவளைக் கயிற்றில் இறக்கினோம். டோலிக்காரர்கள் அவளைத் தோளில் சுமந்து ஓட்டமாக மலையிறங்கினார்கள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்து கண் விழித்ததும் பிள்ளை எங்கே என்றாள் மரியாள். தூங்குகிறது என்றேன். நம்பிவிட்டாள்.

“ஜன்னலை ஒடச்சுட்டீகளே, தொரை வெரட்டிட்டா பிள்ளையோட எங்க போறது?” என்று அதற்குத்தான் அழுகிறாள்.

பிள்ளை இறந்தே பிறந்தது. விடிந்ததும் எந்த வாயால் சொல்வேன்?