யூசுப் வீட்டுக்கு வந்த இசைத்தட்டுப் பெட்டி

என் உயிர் மச்சி யூசுப்,

நம்ம இங்கிலீஷ் ராக் பேண்டோட பெட்டி வந்திருக்குடா. அந்த நாலு லண்டன் தாடிக்காரர்களும் பாடியது, வாசித்தது அத்தனையையும் புது இசைத்தட்டாகப் போட்டு, ஒரே பெட்டியில் அடுக்கி விற்கிறார்கள். வெளிநாட்டிலிருக்கும் என் மகள் வாங்கி அனுப்பியிருக்கிறாள். மாடிப்படி ஏற்றுவதற்குள் கூரியர்காரருக்கு மூச்சு வாங்கிவிட்டது.

"இனிமே ஒரு பாட்டுக்காக நீங்க மயிலாப்பூர்லேந்து திருவான்மியூர் மாமா வீடு வரைக்கும் அலைய வேண்டாம்பா" என்றாள் போனில். நல்ல மனசோடுதான் சொன்னாள்.

அவளுக்கு நம் ஒப்பந்தம் தெரியாது. காலேஜ் நாளில், கையில் காசில்லாமல் ஆரம்பித்தது. நீ வாங்கிய ரெக்கார்டை நான் வாங்கக் கூடாது, நான் வாங்கியதை நீ வாங்கக் கூடாது. பாதி உன் வீட்டில், பாதி என் வீட்டில். அப்புறம் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆச்சு. ஆனாலும் அந்தப் பேச்சை நாம் மீறவே இல்லை. ஏன் என்று ஒருநாளாவது பேசிக்கொண்டோமா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருத்தன் வீட்டுக்கு ஒருத்தன் போக ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நீ மண்ணுக்குள் போனதும் அந்தச் சாக்கும் போச்சு. ஒரு தடவை உன் தெருமுனை வரை வந்தேன். என்ன சொல்லிக்கொண்டு உள்ளே வருவது? பீச்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

பெட்டியைப் பிரித்து ஒரு தட்டைப் போட்டேன். இதுவரை வெளிவராத ஒலிப்பதிவு. பாட்டு தொடங்கும் முன்னால் டிரம்ஸ்காரன் எதற்கோ சிரிக்கிறான். பாடுகிறவன் அதட்டுகிறான், அப்புறம் அவனும் சிரித்துவிடுகிறான். "கேட்டியாடா!" என்று பக்கத்தில் திரும்பினேன். யாருமில்லை. அந்த நிமிஷம் மனசு உன்னை எப்படித் தேடியது தெரியுமா?

நேற்று ஞாயிறு. பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு உன் வீட்டுக்கே வந்துவிட்டேன். கதவைத் திறந்த உன் ஃபாத்திமா, என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவருதான் போனாருன்னா, நீங்களும் போயிட்டீங்களேண்ணே" என்றாள்.

பெட்டியை உன் பிளேயருக்குப் பக்கத்தில் வைத்தேன். "எங்க பேண்டோட அத்தனை பாட்டும் இதுல இருக்கு. இங்கயே இருக்கட்டும்மா."

"எல்லா பாட்டும் இதுலயே கீதுன்றீங்க. உங்க வூட்லயே வெச்சுக் கேக்கலாமில்ல?"

"அங்க வெச்சா நான் இங்க வர மாட்டேம்மா."

அவள் பிளேயர் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். பழக்கதோஷம், நான் சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் ஊசியை வைத்தேன். 'காது கிழியுது' என்று நம் இரண்டு பேரையும் ஆயுசு பூரா திட்டியவள், டீ போட உள்ளே போனபடியே சொன்னாள்:

"சத்தமா வைங்கண்ணே. வூடு ரொம்ப நாளா ஊமையா கெடக்குது."

இனி ஞாயிறு தவற மாட்டேன்டா. ஆசைப்பட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டுத் தீர்க்கவும் மாட்டேன். வாரத்துக்கு ஒரு பக்கம்தான். தீர்ந்தால், மறுபடி முதலிலிருந்து.

அவளுக்கு அண்ணன், உனக்கு மச்சான்,
சேகர்