தொட்டவுடன் தூங்கும் குழந்தை

அன்புள்ள அத்தானுக்கு, ஸ்தோத்திரம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? நான் சுகம்.

இங்கே திருவனந்தபுரத்தில் நான் பார்த்துக்கொள்ளும் குழந்தை, நேற்று மடியில் போட்டுத் தட்டியதும் தூங்கிவிட்டது. "ஜெஸ்லின் தொட்டாப் போதும், குஞ்ஞு உறங்கிடும்" என்று வீட்டுக்கார அம்மா எல்லோரிடமும் சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

நம் பிள்ளை அபினேஷ் இன்னும் விடிய விடிய முழித்திருக்கிறானா? ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் தூக்கம் லேசில் வராது என்று டாக்டர் சொன்னாரே, அது பிடிவாதம் இல்லை அத்தான். இருட்டியதும் டிவியை அணைத்துவிடுங்கள். அவன் கால்களை அழுத்திப் பிடித்துவிடுங்கள். மெதுவாகத் தொட்டால் அவனுக்குப் பிடிக்காது. கனத்த போர்வை பீரோ மேல் இருக்கிறது, அதைப் போர்த்திவிடுங்கள்.

ராத்திரி எழுந்துபோய் வாசல் கதவைத் தட்டினால் அவனை அடிக்காதீர்கள். கதவைத் திறந்து, நான் வெளியே நிற்கவில்லை என்று ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

இந்தக் குழந்தை முழித்துவிட்டது. தூங்கவைக்கப் போகிறேன்.

உங்கள் ஜெஸ்லின்