அக்கா நடித்துக் காட்டிய பந்தயம்

ஜூன் 2, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வசந்தி (தொழிற்சாலையில் எனக்கு எதிர் மேசை) கைப்பேசியை நீட்டினாள். பழைய டிவி நாடகங்களை யாரோ இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். நம்ம ‘கேண்டீன் நாடகம்’ உட்பட! உண்மைப் பெயர் வேறு. இது அக்காவும் நானும் வைத்த பெயர். பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளைகளின் லூட்டி, சனிக்கிழமை மாலை ஐந்து மணி. மாலாவின் இரட்டைச் சடை. ரவியின் தொளதொள கால்சட்டை. நாற்பது வயதாகப் போகிறது, சூப்பர்வைசர் முன்னால் பல்லிளித்துக்கொண்டு நின்றேன்.

ஓட்டப்பந்தய எபிசோடும் இருக்கிறது. உடனே பார்க்க மனம் வரவில்லை. அதை மெஷின் சத்தத்தில் பார்க்கக் கூடாது.

வாங்க: முட்டை, சவர்க்காரம், பல்பு.

ஜூன் 3, புதன்

வெயில். பல்பு மறந்துவிட்டது.

உண்மையில் அந்த எபிசோடை நான் பார்த்ததே இல்லை. பதினாலு வயது, அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை, டிவி போடக் கூடாது என்று அம்மா உத்தரவு. அக்கா பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டு வந்து, என் அறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து முழுவதையும் நடித்தாள். எல்லாக் குரலும் அவளே. நடுவில் சவர்க்கார விளம்பரம்கூட.

பள்ளியில் தேர்வு நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் என்னை விட்டுவிட்டு மேலே போய்விடுவார்கள் என்று அழுதுகொண்டிருந்தேன். கதையில் மாலா ஓட்டத்தில் கடைசி. திடல் காலி. அவளோடு சண்டை போட்டிருந்த தோழி சுசி மட்டும் எல்லைக் கோட்டில் நிற்கிறாள்: “கோட்ட யாரையும் அழிக்க விடல. மெதுவா வா.”

கார் லைசன்ஸ் தேர்வில், வேலை நேர்காணலில், அம்மா போன பிறகு, எனக்கு நானே சொல்லிக்கொண்ட வசனம்.

எபிசோடு கிடைத்ததை அக்காவிடம் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. ஆனால் தீபாவளியிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம், ஜுருவில் இருக்கும் அவள் வீடு நிறைய விருந்தாளிகள். “இவளுக்கு இனி மியூசியத்துலதான் மாப்பிள்ள தேடணும்லா” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். முறுக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். டப்பா அவளுடையது. இன்னும் இங்கேதான் இருக்கிறது.

ஜூன் 5, வெள்ளி

வேலை முடிந்து வந்து, தேநீர் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். இருபத்திரண்டு நிமிடம்.

மாலா கடைசியாக வருகிறாள். கோட்டருகே கால் தடுக்கி விழுகிறாள். வாத்தியார் விசில் ஊதுகிறார், பள்ளியே அவளைப் பார்த்துச் சிரிக்கிறது. பெயர்கள் ஓடுகின்றன. முடிந்தது.

சுசி அந்த எபிசோடிலேயே இல்லை.

மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். தேநீர் ஆறிவிட்டது. அக்காவுக்குப் போன் அடித்தேன். எடுத்ததும் ஹலோகூடச் சொல்லாமல், சுசி எங்கே என்று கேட்டேன். அவள் ஒப்புக்கொண்டாள்:

“அந்த முடிவு எனக்குப் புடிக்கல. எல்லாரும் அந்தப் புள்ளயப் பாத்து சிரிக்கிறாங்க. நீ உள்ள அழுதுகிட்டு இருக்க, அத எப்படி வந்து சொல்றது?”

பதினாறு வயதில், கதவுக்கு வெளியே உட்கார்ந்து, என் ஒருத்திக்காக எழுதிய வசனம். இருபத்தைந்து வருடமாகச் சொல்லவே இல்லை, கள்ளி.

பிறகு அவளே சொன்னாள்: “தீபாவளிக்கு நானே எல்லாரையும் சிரிக்க வச்சிட்டேன்லா.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கும். மூக்கை உறிஞ்சிக்கொண்டே டப்பாவைக் கேட்டாள்.

ஜூன் 7, ஞாயிறு

மேகமூட்டம். அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. பிறகு இருவரும் சேர்ந்து அந்த எபிசோடைப் பார்ப்பதாக ஏற்பாடு. அதன் கடைசி நிமிடத்தில் சத்தத்தை அணைத்துவிடுவோம், சுசி வசனத்தை அவள் பேச வேண்டும். ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

எடுக்க: டப்பா (காலியாகக் கொடுக்கக் கூடாது, கேக் வைத்தாயிற்று), சார்ஜர், குடை.

பத்தே கால். அக்காவிடமிருந்து மெசேஜ்: “பாலத்துல ஜாமாம். சோறு எங்கயும் போயிடாது. மெதுவா வா.”

கார் சாவி எங்கே வைத்தேன்.