பெட்டியில் பூட்டிய சம்மதம்

மாஸ்கோ. 2018 மார்ச் 28, புதன்கிழமை, காலை ஆறு மணி இருபது. அக்மரல் என் கைக்கு வந்து நாற்பத்து மூன்று நாள்.

அன்புள்ள புருலுக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, மற்றதில் எல்லாம் இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம். விடுதியில் வெந்நீர் வருகிறதா, கடைவாய்ப் பல்வலி நின்றதா, நிற்காவிட்டால் மருத்துவம் படிக்கிறவள் என்ற தைரியத்தில் மாத்திரையை விழுங்கிக்கொண்டு திரியாமல் பல் வைத்தியரிடம் போ. போனில் இதற்கு மேல் பேச முடியாது. நேற்றுதான் பார்த்தோமே, நான் கத்தினேன், நீ அழுதாய், லைனை வெட்டிவிட்டாய். காகிதத்தை வெட்ட முடியாது, முழுக்கப் படித்துத்தான் தீர வேண்டும். இந்த வீட்டில் எங்களோடு இருக்கும் சூரா அக்கா நாளை விமானத்தில் பிஷ்கெக் வருகிறாள், உன் கையில் நேராகத் தருவாள், நீ படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடச் சமையலறையில் நூறு பிள்ளைகளை மேய்க்கிறவள், உன் அழுகைக்கெல்லாம் அசைய மாட்டாள்.

முதலில் அக்மரலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களில் ஒருவர்கூட இவ்வளவு நாளில் அவளைப் பற்றி ஒழுங்காக விசாரிக்கவில்லை, ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. எட்டு மாதம் ஆகிறது. கீழே இரண்டு பல். பிடிக்காமலே உட்காருகிறாள், ஆனால் சில சமயம் பின்பக்கமாகச் சாய்ந்துவிடுகிறாள், அதனால் சுற்றிலும் குளிர்கோட்டுகளைக் குவித்து வைக்கிறோம். அவளைத் தத்தெடுத்த காப்பகத்தில் யாரும் தூக்கிப் பழக்கவில்லை போல, முதல் வாரம் தூக்கினால் கட்டை மாதிரி விறைத்துக்கொண்டாள். இப்போது நான் வேலை முடிந்து கதவைத் திறந்தால் சத்தம் கொடுக்கிறாள். இரண்டு அறையில் ஒன்பது பேர் இருக்கிறோம், இரவு வேலைக்காரர்கள் பகலில் தூங்க வேண்டும், அதனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடக்கிறேன். மற்ற நாளில் சூரா அக்காவும் அவள் தங்கையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். போன வாரம் அக்கா ஆட்டு வால் கொழுப்பில் ஒரு துண்டு வெட்டி, நூல் கட்டி, சப்பட்டும் என்று அவள் வாயில் கொடுத்துவிட்டாள். தொண்டையில் சிக்கினால் என்ன செய்வது என்று நான் பிடுங்கப் போனேன். “நூலு எதுக்குக் கட்டியிருக்கேன், அழகுக்கா? நீ போய் லிஃப்டைப் பாரு, பிள்ளைய நான் பார்த்துக்கறேன்” என்றாள். நான் பழுது பார்க்கிற லிஃப்டிலும் ஒரு கயிறு அறுந்தால் பிடிக்க இன்னொன்று இருக்கிறது, அதனால் கையை எடுத்துக்கொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரியில் குழந்தையைக் கையில் கொடுத்தபோது உன்னைப் பெற்றவள் நாஜிராவும் இங்கே இருந்தாள். தூதரகத்திலிருந்து குழந்தைக்குப் பயணத்தாள் வந்ததும் மூன்று பேருமாக ஊருக்குத் திரும்புவது என்றுதான் ஏற்பாடு. மூன்றாம் நாள் என் அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். தகப்பன் தனியாகக் குழந்தையை எல்லை தாண்டிக் கூட்டிப்போனால் தாயின் சம்மதம் முத்திரையோடு வேண்டும், ஊருக்குப் போனதும் எழுதி அனுப்புகிறேன் என்றாள். அதை உன் வழியாக அனுப்புவதாகவும் சொன்னாள். நான் காத்திருந்தேன். நீயும் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொன்று சொன்னாய். நோட்டரி லீவு என்றாய். டோலோன் கணவாய் பனியில் மூடிக் கிடக்கிறது, வண்டி வரவில்லை என்றாய். பிறகு நூருஸ் பண்டிகைக்குக் கூரியர்க்காரன் கடையை மூடிவிட்டான் என்றாய். கடைசியில் அனுப்பியாயிற்று, நேராகத் தூதரகத்துக்கே அனுப்பிவிட்டேன் என்றாய். நான் நம்பிக்கொண்டு தூதரக ஜன்னலில் போய்ச் சண்டை போட்டேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. அங்கே உட்காருகிற பெண்ணுக்கு உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். தாளைத் தொலைத்துவிட்டு மழுப்புகிறீர்கள் என்றேன், படித்தவர்களா நீங்கள் என்று கேட்டேன். திங்கட்கிழமை அவள் கோப்பைத் திருப்பி என் பக்கமாகத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: “அண்ணே, எங்க பக்கத்துல நூருஸுக்கு முன்னாடியே எல்லாம் தயார். உங்களுக்குக் குறையறது உங்க வீட்டுக்காரம்மா கையெழுத்து. அதுக்கு என்னைத் திட்டி என்ன பண்ண?” வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற கிழவர் ஒருவர் சிரித்துவிட்டார். லிஃப்ட் நின்றால் முதலில் கதவைப் பார்க்க வேண்டும், பெரும்பாலும் கதவு சரியாக மூடாததுதான் காரணமாக இருக்கும். இது எனக்கு வேலையில் சேர்ந்த முதல் வாரம் சொல்லிக்கொடுத்தது. நான் ஒன்றரை மாதமாக மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் சாபிர் ஊரிலிருந்து திரும்பி வந்தான். நம் அத்-பாஷிக்காரன், டாக்சி ஓட்டுகிறானே, அவன்தான். என் அம்மா கொடுத்ததாக ஆட்டு இரைப்பையில் கட்டிய வெண்ணெய் கொண்டு வந்தான். வெண்ணெயைக் கையில் கொடுத்துவிட்டுக் கட்டிப்பிடித்தான். “கொடுத்து வச்சவன்டா நீ. தத்தெடுத்த பிள்ளை வழி திறந்து விடும்னு சும்மாவா சொல்றாங்க? நாஜிராவுக்கு வயிறு கூரா இருக்கு, பையன்தானாம். உங்கம்மா தொட்டிலுக்கே சொல்லியாச்சு” என்றான். கேலி செய்கிறான் என்று நினைத்தேன். போனை எடுத்துக் காட்டினான். நூருஸ் அன்று கூழ் காய்ச்சுகிற பெரிய அண்டா, சுற்றிலும் பெண்கள், நடுவில் நாஜிரா, கை வயிற்றின் மேல். அக்மரல் என் மடியில் உட்கார்ந்து அந்தப் போனைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். இதை உனக்குத்தான் சொல்கிறேன் புருல், வேறு யாரிடமும் சொல்லவில்லை. நான் ஒரு நிமிடம் நம்பினேன். உனக்குப் பிறகு இனி பிறக்காது என்று டாக்டர் சொல்லிப் பதினேழு வருடம் ஆகிறது, இருந்தும் நாஜிரா அக்டோபரில் இங்கே வந்து போனதை நினைத்து விரலில் மாதம் எண்ணினேன். கணக்குச் சரியாக இருந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான் பிப்ரவரியில் இதே அறையில் அவள் தட்டை வயிறோடு நின்றது ஞாபகம் வந்தது. இங்கே வரும்போது வயிற்றைக் கழற்றி வைத்துவிட்டு, திரும்பி ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கும் முன் மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறாள். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் உங்களை மன்னிப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, மற்றதைக்கூட ஒருவழியாகச் சமாளித்துவிடுவேன்.

உடனே அவளைக் கூப்பிட்டேன். மறுக்கவில்லை, அழவும் இல்லை. “ஆமா, தலகாணிதான். நிஜமா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பீங்க இல்ல?” என்றாள். யோசனை என் அம்மாவுடையதாம். ஏழு தலைமுறைத் தகப்பன் பேர் சொல்லத் தெரியாத பெண்ணை நாளைக்கு எவன் கேட்டு வருவான், உன் வயிற்றில் பிறந்தது என்று ஊர் பார்த்துவிட்டால் நம் முன்னோர் ஏழு பேர்தான் அவளுக்கும் ஏழு பேர், யார் தோண்டப் போகிறார்கள் என்று அம்மா சொன்னாளாம். அம்மா கணக்கில் ஒரே ஒரு தப்பு. தத்துக் கொடுக்கிற இடத்தில் அன்று பிறந்ததைத்தான் துணியில் சுற்றிக் கொடுப்பார்கள் என்று நினைத்துவிட்டாள், அக்டோபரில் உண்டானது என்று ஊருக்குச் சொல்லி, புது வருடம் பிறக்கும் முன்பே தலையணையைக் கட்டியும் விட்டார்கள். ஜனவரியில் நான் அனுப்பிய படத்தில் ஆறு மாதப் பிள்ளை உட்கார்ந்து சிரிக்கிறது. ஊர் பார்த்த வயிற்றை இனி இல்லை என்று சொல்ல முடியாது. ஆகவே குழந்தையை இங்கேயே நிறுத்தி வைப்பது என்று முடிவு. நாஜிரா ஜூலையில் பிஷ்கெக் போய்ப் ‘பெற்றுக்கொள்வாள்’, பிள்ளைக்கு நோய், ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று குளிர்காலத்தைத் தள்ளுவார்கள், அடுத்த வசந்தத்தில் நான் இருட்டின பிறகு கொண்டுவந்து இறக்க வேண்டும், வளர்ந்த பிள்ளை, நல்ல சாப்பாடு என்று சொல்லிக்கொள்ளலாம். அதாவது அக்மரல் ஒரு வருடம் பிந்திப் பிறந்திருக்க வேண்டும். அதுவரை என்னிடம் சொல்லாமல், என்னைக் கொண்டே அவளைப் பிடித்து வைத்திருந்தீர்கள்.

நாஜிரா இன்னொன்றும் சொன்னாள். “முதல்ல பெத்ததை நாப்பது நாள்ல உங்கம்மா மடியில வச்சேன். பிள்ளை பார்க்க வந்தவங்க வெண்ணெயும் துணியும் அவங்க வாசலுக்குத்தான் கொண்டுபோனாங்க. இந்தத் தடவை என் வாசலுக்கு வரணும்.” அவள் கேட்டது நியாயம்தான். அதனால் அவள் செய்தது சரியாகிவிடாது.

இனி உன் பங்கு. தாள் பிப்ரவரி கடைசியிலிருந்து உன் பெட்டியில் பூட்டி இருக்கிறது என்று நாஜிராதான் சொன்னாள். அது மட்டுமா, எந்த மாதத்துக்கு வயிறு எவ்வளவு இருக்க வேண்டும், எப்படி நடக்க வேண்டும் என்று அளவு சொன்னவளும் நீயாம். இதற்காகவா உன்னை மருத்துவக் கல்லூரியில் சேர்த்தோம்? அம்மாவிடம் நான் உண்மையை எதிர்பார்க்கவில்லை, அவள் ஊருக்குப் பயந்தவள். நாஜிராவிடம் எதிர்பார்த்தேன், அது என் வலி, நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் நீ? முதல் பிள்ளை தாத்தா வீட்டுக்கு என்ற நம் வழக்கப்படி உன்னைக் கொடுத்தோம். என் அம்மாவை அம்மா என்றும், என்னை அண்ணன் என்றும், நாஜிராவை அண்ணி என்றும் கூப்பிட்டு வளர்ந்தாய். ஆனால் யாராவது உன்னிடம் ஒளித்தார்களா? ஆடு அறுத்து, ஊரைக் கூட்டி, பகலில் கொடுத்தோம். உன்னைப் பெற்றது யார், வளர்ப்பது யார் என்று உனக்கு மூன்று வயதிலேயே தெரியும், தெருவில் போகிறவனுக்கும் தெரியும். கை மாறுவதில் கேவலம் இல்லை என்று வளர்ந்து காட்டியவள் நீதான். அந்த வெளிச்சம் உனக்கு இருக்கலாம், இவளுக்கு இருட்டுப் போதும் என்று எப்படி நினைத்தாய்? இவளைப் பெற்றவளும் நம் நாட்டுப் பெண்தான், ஜலாலாபாத் பக்கம், இங்கே காய்கறிக் கிடங்கில் வேலை பார்த்தவள், உன்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவள்கூட ஆஸ்பத்திரியில் தன் சொந்தப் பெயரைத்தான் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

போதும். அப்பா முழங்கால் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டாராம், சாபிர் சொன்னான், அந்தச் செந்நிறக் குதிரையை விற்கப் போவதாகவும் சொன்னான், விற்க வேண்டாம் என்று நீ ஒரு வார்த்தை சொல், என் பேச்சைக் கேட்க மாட்டார். காலையில் வெறும் டீயைக் குடித்துவிட்டு வகுப்புக்கு ஓடாதே. ஏப்ரல் வந்தாலும் தொப்பியைக் கழற்றாதே, உனக்குக் காதில்தான் முதலில் சளி பிடிக்கும். சாபிர் கொண்டுவந்த வெண்ணெயில் பாதியை சூரா அக்காவிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், கோபத்தில் இருக்கிறேன் என்பதற்காக நீ வெறும் ரொட்டியைத் தின்ன வேண்டியதில்லை. நன்றாகப் படி, நீண்ட ஆயுளோடு இரு, உன் கையால் நாலு பேர் பிழைக்கட்டும்.

ஜெங்கிஷ்

இனி நான் செய்யப்போவதைக் கீழே எழுதியிருக்கிறேன். நாஜிராவுக்கு நீயே போனில் வாசித்துக் காட்டு.

1. வெள்ளிக்கிழமை உன்னிடமிருந்து சூரா அக்கா தாளை வாங்கிக்கொள்வாள். ஞாயிறு இங்கே திரும்புகிறாள். மடிக்காமல் அட்டைக்குள் வைத்துக் கொடு.

2. திங்கள் காலை தூதரகத்தில் கொடுப்பேன். கொடுக்கும் முன் அந்தப் பெண்ணிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்பேன், திட்டியதும் எல்லோர் முன்னால்தான்.

3. அதற்கு அடுத்த ஞாயிறு, கால்நடைச் சந்தை நடக்கும் நேரத்தில், பட்டப்பகலில் அத்-பாஷியில் இறங்குவேன். அவளைத் தோளில் வைத்துக்கொண்டு சந்தை நடுவாக வீட்டுக்கு நடப்பேன். கேட்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே பதில்: என் மகள், மாஸ்கோவில் தத்தெடுத்தோம், எட்டு மாதம்.

4. ஆடு நானே வாங்கி அறுப்பேன். வீடு வீடாகப் போய் அழைப்பேன், நாஜிராவின் வாசலுக்கு வரச் சொல்லி, அம்மாவின் வாசலுக்கு அல்ல.

5. தலையணையைப் பற்றி யார் எதிரிலும் நாஜிராவிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். சந்தைக்கு முன் கழற்றுவாளா, பின் கழற்றுவாளா என்பது அவள் பாடு. ஊர் சிரித்தால் நான் பக்கத்தில் நிற்பேன்.

6. அக்மரல் கேட்கிற வயது வரும்போது பெற்றவள் பெயரைச் சொல்வேன்.

7. சூரா அக்கா வெறுங்கையோடு வந்தால், திங்கள் காலை தூதரகத்துக்குப் போக மாட்டேன். மேற்பார்வையாளரிடம் போய் இன்னும் ஒரு வருட வேலைக்குக் கையெழுத்துப் போடுவேன், பக்கத்தில் பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் அவளுக்கு இடம் இருக்கிறதா என்று விசாரித்தும் வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டதும் அதுதான், ஒரு வருடம். அந்த வருடம் முடிந்த பிறகும் நாங்கள் இரண்டு பேரும் இங்கேயே இருப்போம்.