கழுவிய பஞ்சு

அக்டோபர் 11. இரவு 10:20
நிலா, தென்துருவக் குடியிருப்பு, அறை 9.

பள்ளி மீன்தொட்டிப் பொறுப்பு: உமையாள், எட்டாம் வகுப்பு. நீர் 120 லிட்டர். வெப்பம் 26 டிகிரி. கப்பி மீன்கள் பதினாறு, எல்லாம் நலம்.

இன்று ஆயுத பூஜை. எல்லோரும் தங்கள் இயந்திரங்களைத் துடைத்துப் பொட்டு வைத்தார்கள். என் இயந்திரம் தொட்டியின் வடிகட்டி. உள்ளே இருந்த பஞ்சு பழுப்பாக, கொழகொழவென்று இருந்தது. ப்ளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் ஊறவைத்துப் பிழிந்தேன். கூழாங்கற்களையும் அதிலேயே கழுவினேன். பஞ்சு வெள்ளைவெளேர் என்று ஆனது. மோட்டாருக்குச் சந்தனம் வைத்தேன்.

குடியிருப்பின் நீர்ச் சுத்திகரிப்பைப் பார்க்கும் எபநேசர் அண்ணன் வாசலில் நின்று, "என்ன உமையா, மீனுக்கும் பொரிகடலை உண்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அக்டோபர் 13. இரவு 11:05

ஒன்பது மீன்கள் செத்தன. மற்றவை மேலே வந்து வாயைத் திறந்து மூடுகின்றன. அம்மோனியா சோதனைச் சொட்டு மஞ்சளாக இருக்க வேண்டும். பச்சையாக இருக்கிறது.

கையேட்டை இன்றுதான் முழுதாகப் படித்தேன். அந்தக் கொழகொழப்பு அழுக்கு இல்லை. மீன் கழிவைத் தின்று நீரைச் சுத்தமாக்கும் பாக்டீரியா. நான் அதைக் கொன்றுவிட்டேன். பூமியில் மண்ணிலிருந்து மறுபடி வந்துவிடுமாம். இங்கே மண்ணில் உயிரே இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. பொதுச் சாதனத்தைக் கெடுத்தால் குடும்பத்தோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அம்மாவுக்குத் தண்ணீர்க் கிடங்கு வேலை போய்விடும்.

அக்டோபர் 14. இரவு 11:40

குடியிருப்பின் கழிவுநீரைச் சுத்தமாக்கும் பெரிய சுத்திகரிப்புப் படுகை செத்துவிட்டது. காற்று ஊதும் இயந்திரம் நேற்று நின்றதை யாரும் கவனிக்கவில்லை. படுகையில் இருந்ததும் அதே பாக்டீரியாதான்.

ஒலிபெருக்கியில் எபநேசர் அண்ணன்: "யாரும் பயப்படாதீங்க. கையிருப்புத் தண்ணி நம்ம நாப்பத்துமூணு பேருக்கும் இருபத்துநாலு நாளைக்கு வரும். பூமியிலேருந்து கப்பல் வர இருபது நாள். ஆனா கப்பலே வேணாம். நம்ம உமையா தொட்டியில விதை இருக்கு. அந்தப் பஞ்சைப் படுகையில போட்டா பத்து நாள்ல எழுந்துரும்."

சாப்பாட்டுக் கூடத்தில் கை தட்டினார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன்.

நாளை காலை பஞ்சை எடுக்க வருகிறார். அது வெள்ளையாக இருக்கிறது. சமையலறையிலிருந்து தேயிலைத் தூள் எடுத்து வந்து கொதிக்கவைத்தேன். பஞ்சை அதில் முக்கினேன்.

இப்போது பழுப்பாக இருக்கிறது.

அக்டோபர் 15. இரவு 10:50

எடுத்துப் போய்விட்டார். முகர்ந்து பார்த்தார். "டீ வாசனை அடிக்குது. மீன் டீக்கடை வெச்சிருக்கா?" என்றார். சிரித்தார். என் தலையைத் தடவினார்.

மீன்கள் இரண்டு.

அக்டோபர் 18. இரவு 11:50

படுகையில் சோதனைச் சொட்டு பச்சை. "இன்னும் கொஞ்சம் பொறுங்க, விதை பிடிக்க நேரமாகும்" என்கிறார்.

கணக்குப் போட்டேன். இன்னும் இருபது நாள் தண்ணீர். கப்பலை இன்று அழைத்தால் சரியாக வந்து சேரும். நாளை அழைத்தால் ஒரு நாள் தாகம். மாலை கட்டுப்பாட்டு அறைக் கதவு வரை போனேன். எபநேசர் அண்ணன் உள்ளே தன் மகளோடு பூமித் தொடர்பில் பேசிக்கொண்டிருந்தார். "தண்ணியெல்லாம் வந்துரும்டா கண்ணு." திரும்பி வந்துவிட்டேன்.

மீன் இல்லை.

அக்டோபர் 20. இரவு, மணி பார்க்கவில்லை

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பஞ்சு, ப்ளீச்சிங் பவுடர், தேயிலை, எல்லாம். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"வேற யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

இல்லை என்றேன்.

"சொல்லாத."

"அம்மா, கப்பல் வர இருபது நாள் ஆகும். தண்ணி பதினெட்டு நாளைக்குத்தான் இருக்கு."

"நாப்பத்துமூணு பேருக்குத்தான்டி பதினெட்டு நாள்" என்றாள்.

கிடங்குச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். மூன்று முறை போய் வந்தாள். கட்டிலுக்கு அடியில் இப்போது ஆறு கேன்கள். மேலே என் பள்ளிச் சீருடையைப் போட்டு மூடியிருக்கிறாள். கப்பலை எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்டேன். "முதல்ல தண்ணி. அப்புறம் சொல்லிக்கலாம்" என்றாள். குரல் எப்போதும் போலவே இருந்தது.

இதைக் கண்டெடுப்பவர்களே, படுகையில் இருப்பது தேயிலை. வேறொன்றும் இல்லை. எபநேசர் அண்ணனுக்கு அது தெரியாது. அவர் இன்று தன் பங்குத் தண்ணீரில் பாதியை என்னிடம் கொடுத்தார், "வளர்ற பிள்ளை, குடி" என்று. குடித்துவிட்டேன். காலையில் போய் அவரிடம் நானே

அம்மா விழித்துவிட்டாள்.

"என்னடி எழுதுற? விளக்கை அணை. கதவைப் பூட்டிட்டேன். சாவி என்கிட்ட இருக்கு."